ரோன் 95 எங்கேருந்து வருது? ரிஃபைனரி இண்டர்வியூவுக்குப் போற பிள்ளைங்க ஒரே பேப்பர்ல படிச்சுக்கிற வழி

போன மாசம் ஒரு சனிக்கிழமை, செந்தூல்ல எங்க வீட்டு வாசல்ல தங்கச்சி மவன் வந்து நிக்கிறான், "மாமா, வர்ற புதன்கிழமை இண்டர்வியூ, ரிஃபைனரில பிராசஸ் டெக்னீஷியன் வேலை, நெட்ல படிக்க படிக்க தலை சுத்துது"ன்னு. டிப்ளோமா முடிச்ச பையன், மூளைக்காரன்தான், ஆனா கையில ஒரு கட்டு பிரிண்ட், மேல இருக்கிற எட்டு பக்கமும் வெறும் குரூட் டிஸ்டிலேஷன், அதாவது கச்சா எண்ணெயக் காய்ச்சிப் பிரிக்கிறது, அதைத் தாண்டறதுக்குள்ளயே தூங்கிட்டானாம். அந்தக் கட்ட வீட்டுலயே போட்டுட்டு ஒரு ஏ4 பேப்பரு, பென்சிலு, ரப்பரு எடுத்துக்கிட்டு முக்குல இருக்கிற மாமாக் கடைக்குப் போனோம். நான் இருபது வருசத்துக்கு மேல ஷிப்ட் வேலை பாத்தவன், அதுல பாதி காலம் ரிஃபார்மர்ங்கிற யூனிட்ட ஓட்டுற கண்ட்ரோல் பேனல்ல உக்காந்தவன். அன்னைக்கு அவனுக்கு சொன்னத இங்க எழுதறேன், வேற பிள்ளைங்களுக்கும் ஆவும்.

குரூட்லேருந்து ஆரம்பிக்காதீங்க, அதான் முதல் விஷயம். குரூட்லேருந்து வந்தா வழியில இருபது யூனிட் கிளை பிரியும், எது பெட்ரோலுக்குப் போவுது எது டீசலுக்குப் போவுதுன்னு பாதியிலேயே தொலைஞ்சு போயிருவீங்க. பெட்ரோல் ஸ்டேஷன்ல எண்ணெய் ஊத்துற பம்ப்லேருந்து பின்னால நடங்க. நடக்கும்போது ஒரே ஒரு ஆள மட்டும் விடாம புடிச்சுக்கோங்க, அது சல்ஃபர், நம்ம கந்தகம். அது எங்க இருக்கு, எங்க பிடிபடுது, பிடிபடலன்னா யார கெடுக்குதுன்னு பாத்துக்கிட்டே போனா பாதி ரிஃபைனரி தானா விளங்கிரும்.

சரி, பேப்பர திருப்பி படுக்க வெச்சுக்கிட்டு வலது ஓரத்துல ஒரு பம்ப் வரைங்க, அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. அதுக்குக் கீழ ரெண்டு வரி எழுதுங்க. ஒண்ணு ரோன் 95, இன்னொண்ணு யூரோ 4எம், அதாவது எண்ணெய் எவ்ளோ சுத்தமா இருக்கணும்ங்கிற தரம். நம்ம மலேசியால ரோன் 97க்கு இந்த யூரோ 4எம் 2015 செப்டம்பர் 1லயும், ரோன் 95க்கு 2020 ஜனவரி 1லயும் வந்துச்சு. சல்ஃபர் 50 பிபிஎம்முக்கு மேல இருக்கக்கூடாது, அதுக்கு முன்ன இருந்த யூரோ 2எம்ல 500 வரைக்கும் விட்டாங்க, ஐரோப்பாக்காரங்க இப்ப 10ல இருக்காங்க. 50 பிபிஎம்னா பத்து லட்சம் கிலோ பெட்ரோல்ல 50 கிலோ கந்தகம், அவ்ளோதான்.

ரோன்னா என்னன்னு கேட்டா "பவர்"னு சொல்லிராதீங்க, பாதிப் பேர் அங்கதான் வழுக்கி விழறது. எஞ்சினுக்குள்ள பெட்ரோலும் காத்தும் அமுங்கும்போது ஸ்பார்க் அடிச்சதும் தீ ஒழுங்கா பரவணும், அது பரவி முடியறதுக்குள்ள மூலையில மிச்சம் இருக்கிற கலவை தானா வெடிச்சா கடகடன்னு ஒரு சத்தம் வரும், அதான் நாக்கிங். அதத் தாங்கற சக்திதான் ஆக்டேன். ஐசோஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0ன்னு வெச்சு, 600 ஆர்பிஎம்ல ஓடுற ஒத்த சிலிண்டர் டெஸ்ட் எஞ்சின்ல போட்டு ஒப்பிட்டுப் பாத்து சொல்றதுதான் ரோன். அதனால 95க்கு டியூன் பண்ணின காடில 97 ஊத்தினா பறக்கும்னு நெனைக்கிற நம்ம ஆளுங்க காச வீணடிக்கிறாங்க, சரி அது வேற கதை.

அந்தக் காலத்துல ஆக்டேன் ஏத்த ஈயம் கலந்தாங்க, சுலபம், மலிவு, ஆனா விஷம். உலகத்துலயே கடைசியா நிறுத்துன நாடு அல்ஜீரியா, 2021லதான். ஈயம் போனதுக்கு அப்புறம் அந்த ஆக்டேன வேற வழியில செஞ்சாகணும், கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி வெச்சு ஓடுற யூனிட்டெல்லாம் பெட்ரோலுக்கு இவ்ளோ முக்கியமானதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

இப்ப பம்ப்புக்கு இடது பக்கம் ஒரு பெரிய டாங்க் வரைங்க, பிளெண்டிங். பெட்ரோல்ங்கிறது ஒரு யூனிட்லேருந்து குழாய் தொறந்தா வர்ற சாமான் இல்ல, அது கலவை, பல சாமான கலந்து விக்கிற ரோஜாக் மாதிரி. அந்த டாங்குக்குள்ள நாலு கோடு வர்ற மாதிரி போடுங்க: ரிஃபார்மேட் (ரிஃபார்மர்லேருந்து வர்றது), எஃப்சிசி பெட்ரோல், ஐசோமரேட், ஆல்கைலேட், ஒவ்வொண்ணும் என்னன்னு பின்னால சொல்றேன். எல்லா ரிஃபைனரிலயும் நாலும் இருக்காது, இருக்கிறத வெச்சு ஓட்டுவாங்க, ஆனா நாலும் தெரிஞ்சிருக்கணும்.

இங்க ஒரு கணக்கு போட்டுப் பழகுங்க, இண்டர்வியூல இதப் போட்டுக் காட்டினா எதிர்ல உக்காந்திருக்கிறவர் நிமிந்து உக்காருவாரு. ரிஃபார்மேட் 45 பங்கு, ரோன் 100. எஃப்சிசி பெட்ரோல் 30 பங்கு, ரோன் 92. ஐசோமரேட் 15 பங்கு, ரோன் 85. ஆல்கைலேட் 10 பங்கு, ரோன் 96. பெருக்கிக் கூட்டுங்க: 45, 27.6, 12.75, 9.6, மொத்தம் 94.95. பாத்தீங்களா, 0.05 கம்மி, இந்த லாரி கேட்டைத் தாண்ட முடியாது! நெசத்துல ஆக்டேன் இவ்ளோ நேர்கோடா கலக்காது, அதுக்கு தனி திருத்தம் இருக்கு, ஆனா கணக்கோட குணம் இதான். இப்ப என்ன செய்வீங்க, ரிஃபார்மர கொஞ்சம் இறுக்கலாம், ஆல்கைலேட்ட கூட்டலாம், இல்ல எம்டிபிஇ மாதிரி 110க்கு மேல ரோன் இருக்கிற ஒண்ண வெளியேருந்து வாங்கி ஊத்தலாம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு செலவு இருக்கு.

அதே கலவைக்கு சல்ஃபர் கணக்கும் போடுங்க, இது இன்னும் ருசி. ரிஃபார்மேட், ஐசோமரேட், ஆல்கைலேட் மூணுலயும் கந்தகம் கிட்டத்தட்ட இல்ல. எஃப்சிசி பெட்ரோல் மட்டும் 300 பிபிஎம்மோட வருதுன்னு வைங்க, 30 பங்குக்கு 90 பிபிஎம், ஃபெயில். அத 150க்கு இறக்கினா 45, தப்பிச்சீங்க, ஆனா நூல்ல தொங்கிக்கிட்டு தப்பிச்சீங்க. 10 பிபிஎம் வேணும்னா எஃப்சிசி பெட்ரோல் 30க்கு வந்தாலே 9 ஆயிடும். பெட்ரோல்ல இருக்கிற கந்தகத்துல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல எஃப்சிசிகிட்டருந்து வர்றதுதான்னு இப்ப யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

எஃப்சிசிக்கு வருவோம், முழுப் பேரு ஃப்ளூயிட் கேட்டலிட்டிக் கிராக்கிங். கனமான எண்ணெய், வாக்குவம் கேஸ் ஆயில், அத உடைச்சு பெட்ரோல் சைசுக்குக் கொண்டு வர்ற யூனிட். கேட்டலிஸ்ட் வந்து முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி தூள், சராசரி 70 மைக்ரான் சுத்தி, அதுக்குள்ள ஆவியும் காத்தும் ஊதினா தண்ணி மாதிரி ஓடும். ரைசர்னு ஒரு நெட்டக் குழாய்ல 520, 530 டிகிரில எண்ணெயும் சூடான தூளும் சேந்து மேல ஏறும், ரெண்டு மூணு செகண்டுதான், அதுக்குள்ள உடையறது உடைஞ்சிரும், தூள் மேல கரி படிஞ்சிரும். அந்தக் கரிய ரீஜெனரேட்டர்ல 700 டிகிரி பக்கம் எரிச்சு, அந்த சூட்டோடயே தூள திரும்ப ரைசருக்கு அனுப்புவாங்க. தன் அழுக்க எரிச்சு தானே சமையல் பண்ணிக்கிற யூனிட், எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான். இந்த முறையில முதல் யூனிட் 1942ல அமெரிக்காவுல பேட்டன் ரூஜ்ல ஓட ஆரம்பிச்சுது, சண்டைக் காலம், பிளேனுக்கு நல்ல எண்ணெய் வேணும்.

பிரச்சனை என்னன்னா, கன எண்ணெய்ல இருந்த கந்தகம் உடையும்போது கொஞ்சம் பெட்ரோலோடயே வந்துருது. அத ஹைட்ரஜன் போட்டு எடுக்கலாம், ஆனா எஃப்சிசி பெட்ரோலுக்கு ஆக்டேன் குடுக்கிறதுல பெரிய பங்கு ஓலிஃபினோடது, அதாவது கார்பனுக்கு நடுவுல ரெட்டைப் பிணைப்பு இருக்கிற மாலிக்யூல், ஹைட்ரஜன் போனா அதையும் சேத்து நிரப்பிடும். ஒரு எக்சாம்பிள் மனசுல வைங்க: 1-ஹெக்சீனுக்கு ரோன் 76, அதுல ஹைட்ரஜன் ஏறி நார்மல் ஹெக்சேன் ஆனா 25. எலிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அதனால என்ன செய்றாங்கன்னா பெட்ரோல ரெண்டா பிரிக்கிறாங்க. லேசான பக்கத்துல ஓலிஃபின் நெறைய, கந்தகம் கம்மி, இருக்கிறதும் பெரும்பாலும் மெர்காப்டன்ங்கிற ஒரு வகை கந்தகச் சேர்மம். கனமான பக்கத்துல தியோஃபீன் வகை கந்தகம் நெறைய, ஓலிஃபின் கம்மி. கனமான பக்கத்த மட்டும் கோபால்ட் மாலிப்டினம் கேட்டலிஸ்ட் மேல அனுப்பி கந்தகத்த எடுத்துட்டு திரும்ப சேத்துருவாங்க. எஃப்சிசிக்கு முன்னாடியே ஃபீட, அதாவது உள்ள போற எண்ணெய, சுத்தம் பண்றதும் உண்டு, அது பெரிய பிரஷர், பெரிய காசு. "சல்ஃபர எடுத்தா ஆக்டேன் ஏன் குறையுது"ன்னு இண்டர்வியூல கேக்கறதுக்கு நல்லா வாய்ப்பிருக்கு, ஹெக்சீன் கதைய சொல்லுங்க, போதும்.

இப்ப ரிஃபார்மர், என் யூனிட், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்வேன் மன்னிச்சுக்கோங்க.

குரூட்லேருந்து நேரா வர்ற நாஃப்தா, அதாவது பெட்ரோல் அளவு லேசான எண்ணெய், அதுக்கு ஆக்டேன் ரொம்ப கம்மி, அப்பிடியே ஊத்தினா உங்க மோட்டார் பெடரல் ஹைவேல தகர டப்பா மாதிரி கத்தும். ரிஃபார்மர் அதுல இருக்கிற மாலிக்யூல உடைக்கிறத விட உருவத்த மாத்துது. மீதைல்சைக்ளோஹெக்சேன்னு ஒண்ணு, ரோன் 75 பக்கம், அதுலேருந்து மூணு ஹைட்ரஜன் மாலிக்யூல கழட்டினா டொலுவீன், ரோன் 120 பக்கம். அவ்ளோதான் சூட்சுமம். கழட்டுறது பிளாட்டினம். 1949ல விளாடிமிர் ஹென்செல்ங்கிற கெமிஸ்ட் கண்டுபிடிச்ச முறையில முதல் யூனிட் ஓடுச்சு, யூஓபி கம்பெனிக்காரரு. நகைக்கடையில வைக்கிற சாமான ரிஃபைனரில கொட்டுறதான்னு எவனும் யோசிப்பான்தானே, மஸ்ஜிட் இந்தியா பக்கம் போய் பிளாட்டினம் மோதிரம் விலை கேட்டுப் பாருங்க. ஆனா அலுமினா உருண்டை மேல அரை சதவீதத்துக்கும் கம்மியா தடவினாலே வேலை நடக்கும், அதான் அவர் சாமர்த்தியம். கூட கொஞ்சம் குளோரைடு, சுமார் 1 சதவீதம், அது அமிலமா நின்னு வளைக்கிற வேலையப் பாக்கும். பிளாட்டினம் ஒரு கை, குளோரைடு ஒரு கை.

பேப்பர்ல மூணு இல்ல நாலு ரியாக்டர் வரிசையா போட்டு ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு ஹீட்டர் போடுங்க. ஏன் இத்தனை ஹீட்டர்னா, ஹைட்ரஜன கழட்டுற ரியாக்‌ஷன் சூட்ட குடிக்கும். 500 டிகிரி பக்கம் உள்ள போறது வெளிய வரும்போது தடதடன்னு இறங்கியிருக்கும், முதல் ரியாக்டர்லதான் ரொம்ப இறங்கும், ஏன்னா சுலபமான ரியாக்‌ஷன் எல்லாம் அங்கயே முடிஞ்சிரும். இந்த இறக்கத்ததான் டெல்டா டீம்பாங்க, குடிக்கிற டீ இல்ல. பேனல்மேனுக்கு டெல்டா டீதான் நாடித்துடிப்பு.

கேட்டலிஸ்ட்ல நாள்பட கரி படியும். பழைய டைப் யூனிட்ட மாசக்கணக்குல ஓட்டிட்டு நிறுத்தி கரிய எரிப்பாங்க. 1971லேருந்து வந்த சிசிஆர் டைப்ல உருண்டையெல்லாம் மேலேருந்து கீழ மெதுவா இறங்கிக்கிட்டே இருக்கும், கீழேருந்து தூக்கி தனியா ஒரு ரீஜெனரேட்டர்ல எரிச்சு திரும்ப மேல விடுவாங்க, யூனிட் நிக்கவே வேணாம்.

பிளாட்டினத்துக்கு ஒரு எதிரி, அதே நம்ம ஆளு, கந்தகம். ரிஃபார்மருக்குள்ள போற நாஃப்தால 0.5 பிபிஎம்முக்குக் கீழ இருக்கணும். அதனாலதான் ரிஃபார்மருக்கு முன்னாடி நாஃப்தா ஹைட்ரோட்ரீட்டர், 300 சொச்சம் டிகிரில ஹைட்ரஜனோட கோபால்ட் மாலிப்டினம் மேல போவும், கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவா மாறும், ஸ்டிரிப்பர்ங்கிற கோபுரத்துல அந்த வாயுவையும் தண்ணியையும் மேல தள்ளிட்டு சுத்தமான நாஃப்தா கீழ வரும். இப்ப உங்க காடிக்கு அடியில போங்க, எக்ஸாஸ்ட்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கு, அதுக்குள்ள என்ன? பிளாட்டினம், பலேடியம், ரோடியம். அங்கயும் அதே எதிரி. பெட்ரோல செய்ற பிளாட்டினத்துக்கு 0.5, பெட்ரோல எரிச்ச புகைய சுத்தம் பண்ற பிளாட்டினத்துக்கு 50. பம்ப்ல எழுதியிருந்த யூரோ 4எம்முக்கு அர்த்தம் இங்க வந்துதான் முழுசாவுது. இத சொன்னப்பதான் என் மருமவன் டீய கீழ வெச்சான்.

இன்னொரு அம்புக்குறி மறக்காம போடுங்க. ரிஃபார்மர்ல கழண்டு வந்த ஹைட்ரஜன் எங்க போவுது? இடது பக்கம் திரும்பி ஹைட்ரோட்ரீட்டருக்கெல்லாம் போவுது, அத வெச்சுதான் அங்க கந்தகத்த எடுக்கிறாங்க. அதாவது ஹைட்ரோட்ரீட்டர் ரிஃபார்மர காப்பாத்துது, ரிஃபார்மர் ஹைட்ரோட்ரீட்டருக்கு சோறு போடுது. ரிஃபார்மர் படுத்துருச்சுன்னா ஆக்டேனும் போச்சு, தனி ஹைட்ரஜன் பிளாண்ட் இல்லாத எடத்துல சுத்தமும் போச்சு.

இதுல நான் பட்ட அவமானம் ஒண்ணு சொல்றேன், பழைய வேலை எடம், பேரு வேணாம். நைட் ஷிப்ட், பேய் மழை. ஸ்டிரிப்பர் அடிப்பக்க டெம்பரேச்சர் மெதுவா இறங்குது, அடியில சூடு குடுக்கிற ரீபாய்லர் பக்கம் ஒரு வால்வு மக்கர், நான் கவனிக்கல, ஏன்னா என் கண்ணு ரிஃபார்மர் ஸ்கிரீன்லயே இருக்கு. கொஞ்ச நேரத்துல முதல் ரியாக்டர் டெல்டா டீ குறையுது, ரீசைக்கிள் கேஸ்ல ஹைட்ரஜன் பியூரிட்டி குறையுது, லேப்லேருந்து ரோன் கம்மின்னு போன். நான் என்ன செஞ்சேன், சூடு பத்தலன்னு நெனச்சு இன்லெட்ட 3 டிகிரி ஏத்தினேன், அசையல, இன்னும் 3 ஏத்தினேன். ஷிப்ட் சூப்பர்வைசர், ஒரு வயசான சீனர், பின்னால வந்து நின்னு பாத்தாரு, "ஜாங்கான் நைக்கான் சுஹு!"ன்னு கத்துன கத்து இன்னிக்கும் காதுல இருக்கு, சூட்ட ஏத்தாதன்னு. கந்தகமும் தண்ணியும் உள்ள நுழைஞ்சிருச்சு, பிளாட்டினம் மயங்கிக் கெடக்கு, நான் எரியிற நெருப்புல எண்ணெய ஊத்தினவன் மாதிரி சூட்ட ஏத்தி கரிய இன்னும் வேகமா படிய வெச்சுக்கிட்டு இருக்கேன். தண்ணி வேற குளோரைட கழுவிக்கிட்டுப் போவுது. அவர் இன்லெட் எல்லாத்தையும் இறக்க சொன்னாரு, ஃபீட குறைக்க சொன்னாரு, அப்புறம்தான் ஸ்டிரிப்பருக்கு ஓடினோம். அந்த தடவை கேட்டலிஸ்ட்ட கணக்கு போட்டதுக்கு முன்னாடியே எரிக்க வேண்டியதாப் போச்சு.

அதனால டெல்டா டீ கேள்வி வந்தா பதில் இதான்: சூட்ட ஏத்த மாட்டேன், முதல்ல ஃபீட்ல சல்ஃபர், தண்ணி செக் பண்ணுவேன், ஸ்டிரிப்பர பாப்பேன், சூப்பர்வைசருக்கு சொல்லிட்டு இன்லெட்ட இறக்குவேன்.

மீதி ரெண்டு கோடு சீக்கிரம் முடிச்சிரலாம். ஐசோமரேட் வந்து லேசான நாஃப்தா, அஞ்சு ஆறு கார்பன் உள்ளது, நேரான சங்கிலிய வளைச்சு கிளை விட வைக்கிறது, 60 சொச்சத்துல இருந்த ரோன் 80 சொச்சத்துக்கு வரும், இதுலயும் பிளாட்டினம்தான். பென்சீன் விவகாரமும் இங்கதான் ஒட்டிக்கும், ரிஃபார்மர்ல ஆறு கார்பன் சாமான் போனா பென்சீனா வரும், அது புற்றுநோய் குடுக்கிற பொருள், ஐரோப்பால 1 சதவீதம்தான் அனுமதி, அதனால அந்த ஆறு கார்பன் பங்க ரிஃபார்மருக்கு அனுப்பாம வெட்டி இந்தப் பக்கம் தள்ளிருவாங்க. ஆல்கைலேட் வந்து எஃப்சிசிலேருந்து வர்ற ஓலிஃபின் வாயுவ ஐசோபியூட்டேனோட அமிலத்துல வெச்சு ஒட்டுறது, சல்ஃபூரிக் இல்லன்னா ஹைட்ரோஃபுளோரிக். ஓலிஃபின் இல்ல, பென்சீன் இல்ல, கந்தகம் இல்லாத மாதிரிதான், ரோன் 95 சுத்தி, பிளெண்டர்களோட செல்லப்பிள்ளை. அமிலம்தான் பயங்கரம், அதுலயும் ஹைட்ரோஃபுளோரிக் பேரக் கேட்டாலே எனக்கு முதுகு சில்லுனு ஆவும்.

இப்பதான் இடது ஓரத்துல குரூட்ட காய்ச்சிப் பிரிக்கிற கோபுரம் ஒண்ணு சின்னதா வரைங்க, கோடெல்லாம் அதுல போய் சேரட்டும். பேப்பர் நெறஞ்சிருச்சா? மடிச்சு வெச்சுட்டு பாக்காம இன்னொரு பேப்பர்ல வரைங்க, திரும்பத் திரும்ப, ரப்பர் இல்லாம வர்ற வரைக்கும். என் மருமவனுக்கு ஆறாவது தடவைதான் ஹைட்ரஜன் அம்புக்குறி சரியா வந்துச்சு.

பிடிச்ச கந்தகம் எங்க போச்சுன்னு கேட்டா முழிக்காதீங்க. ஹைட்ரஜன் சல்ஃபைட அமீன் கரைசல் உறிஞ்சும், அப்புறம் கிளாஸ் (Claus) யூனிட்ல மஞ்சக் கந்தகமா வரும், உரத்துக்கு வேண்டிய சல்ஃபூரிக் ஆசிட் செய்றவங்க வாங்கிட்டுப் போவாங்க.

ஆனா அங்க போய் சேர்ற வரைக்கும் அந்த வாயு ஆள கொல்ற வாயு. கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம், 1 பிபிஎம் கூட வேணாம் மூக்குக்குத் தெரிஞ்சிரும், 100 பிபிஎம் பக்கம் போனா மூக்கே மரத்துப்போயிரும், நாத்தம் நின்னுருச்சு சரியாயிருச்சுன்னு நெனச்சவன் அங்கேயே விழுவான். காத்த விட கனம், டிரெயின்லயும், அதாவது வடிகால்லயும், குழியிலயும் தேங்கும். இண்டர்வியூல கடைசியா இத வேற மாதிரி கேப்பாங்க: உன் கூட்டாளி டிரெயின் பக்கத்துல விழுந்து கெடக்கான், நீ மட்டும்தான் பாக்குற, என்ன செய்வ? ஓடிப்போய் தூக்குவேன்னு சொன்னா வேலை இல்ல தம்பி, அப்பிடி ஓடினவன்தான் ரெண்டாவது பிணம். காத்து திசை காட்டுற துணிப்பை, விண்ட்சாக்க பாப்பேன், காத்து எந்தப் பக்கம்னு பாத்து எதிர்க்காத்துப் பக்கம் நகருவேன், அலாரம் அடிச்சு ரேடியோல சொல்லுவேன், பிஏ செட், அதாவது மூச்சுக்காத்து சிலிண்டர், மாட்டுன ஆளு ரெண்டு பேரு இல்லாம கிட்ட போமாட்டேன். இத கண்ண பாத்து தயங்காம சொல்லுங்க.